நிலா வெளிச்சம் யாருடையது? ஆயிரம் ஆண்டுக்கு முன் விடை தேடிய இப்னு அல்-ஹைதம்

இருட்டான அறை. மேசை, நாற்காலி எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஆனா ஒன்னும் தெரியல. சுவிட்சைத் தட்டியதும் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

கண்ணும் அதே கண்தான், மேசையும் அதே மேசைதான். அப்போ என்ன மாறியது?

ஒளி வந்தது என்று இன்று தொடக்கப்பள்ளிப் பிள்ளையே சொல்லிவிடும். ஆனால் பல நூற்றாண்டுகளாகப் பெரிய பெரிய அறிஞர்கள் வேறு மாதிரி நினைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் இப்னு அல்-ஹைதம்.

யார் இவர்?

இன்றைய ஈராக்கில் இருக்கும் பஸ்ரா நகரில் சுமார் 965ஆம் ஆண்டு பிறந்தார். கணிதம், வானியல், ஒளியியல் எனப் பல துறைகளில் எழுதினார். ஐரோப்பியர்கள் அவரை அல்ஹசன் என்று அழைத்தார்கள்.

ஒரு நதியால் வந்த வினை

எகிப்தின் நைல் நதியில் ஆண்டுதோறும் வெள்ளம் வரும். தண்ணீர் அதிகமானால் சேதம், குறைந்தால் பஞ்சம். அதைக் கட்டுப்படுத்தத் தன்னிடம் ஒரு வழி இருப்பதாக இப்னு அல்-ஹைதம் சொன்னது, கெய்ரோவை ஆண்ட கலீஃபா அல்-ஹாக்கிமின் காதுக்கு எட்டியது. அழைப்பு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை 13ஆம் நூற்றாண்டில் அல்-கிஃப்தி என்பவர் எழுதிவைத்திருக்கிறார்.

ஆட்களைக் கூட்டிக்கொண்டு இப்னு அல்-ஹைதம் தெற்கே அஸ்வான் பக்கம் போனார். வழியெல்லாம் பழங்கால எகிப்தியர்கள் எழுப்பிய பிரம்மாண்டமான கட்டடங்கள். இவற்றைக் கட்டியவர்களுக்கே நதியை அடக்க முடியவில்லை என்றால் நம்மால் எப்படி முடியும் என்று மனம் தளர்ந்தது. இடத்தை நேரில் பார்த்ததும் முடியாது என்று உறுதியாகிவிட்டது.

திரும்பி வந்து உண்மையைச் சொன்னார். கலீஃபா அவருக்கு ஓர் அரசாங்க வேலை கொடுத்தார். ஆனால் அல்-ஹாக்கிம் எப்போது, யாரைத் தண்டிப்பார் என்று யாருக்கும் தெரியாது. உயிருக்குப் பயந்த இப்னு அல்-ஹைதம் பைத்தியம் பிடித்ததுபோல நடித்தார். வீட்டிலேயே அடைத்துவைக்கப்பட்டார். 1021இல் கலீஃபாவின் காலம் முடியும்வரை அந்த நடிப்பு தொடர்ந்தது.

வெளியே வந்தபின் அல்-அஸ்ஹர் பள்ளிவாசல் அருகே தங்கினார். யூக்ளிட், தாலமி ஆகியோரின் நூல்களைக் கையால் படியெடுத்து விற்றுப் பிழைத்தார்.

கண்ணிலிருந்து கதிர் கிளம்புகிறதா?

அந்த யூக்ளிடும் தாலமியும் என்ன சொல்லியிருந்தார்கள் தெரியுமா? கண்ணிலிருந்து கதிர்கள் கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுகின்றன, அதனால்தான் பார்க்க முடிகிறது என்றார்கள்.

இப்னு அல்-ஹைதம் அதை அப்படியே ஏற்கவில்லை. சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, ஏன்? வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுக்குள் வந்தால்தானே வலிக்கும்? (நீங்க இதைச் சோதிச்சுப் பார்க்க வேண்டாம். சூரியனை நேராகப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து.)

சோதனையும் செய்தார். இருட்டறையின் சிறு துளைக்கு வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளிப்புள்ளி விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதன் புள்ளி மட்டும் காணாமல்போனது. ஒளி நேர்க்கோட்டில் போகிறது, ஒரு துளையில் பல ஒளிகள் சந்தித்தாலும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்பது அதில் தெரிந்தது.

இவையெல்லாம் அவருடைய ஒளியியல் நூலில் இருக்கின்றன. மொத்தம் 7 பாகங்கள். வீட்டுக்காவலில் இருந்த காலத்தை ஒட்டி அது எழுதப்பட்டதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது.

சொந்த ஒளி, வாங்கிய ஒளி

ஒளி தரும் பொருள்களை அவர் இரண்டாகப் பிரித்தார்.

- சொந்தமாக ஒளி உள்ளவை: சூரியன், நெருப்பு. மின்னலையும் மின்மினிப்பூச்சியையும் நாம் இதில் சேர்க்கலாம்.
- வேறொன்றிடமிருந்து ஒளி பெறுபவை: சுவர், மரம், மனித முகம்.

நிலா எந்தப் பக்கம்? அதன் ஒளி சூரியனிடமிருந்து வருகிறது என்பது அவருக்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனால் எப்படி வருகிறது? கண்ணாடிபோலவா?

நிலாவின் ஒளி பற்றித் தனி நூலே எழுதி, இல்லை என்று காட்டினார். நிலா வழவழப்பான கண்ணாடிப் பந்தாக இருந்தால், அதில் சூரியனின் பிம்பம் ஒரு சின்னப் புள்ளியாக மட்டுமே நமக்குத் தெரியும். ஆனால் வெயில் படும் பகுதி முழுவதும் பிரகாசிக்கிறது. அப்படியென்றால் அங்குள்ள ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒளி எல்லாத் திசையிலும் பரவ வேண்டும்.

வீட்டிலேயே செய்து பாருங்களேன். இருட்டில் ஒரு கண்ணாடிமீது டார்ச்லைட் அடித்தால் ஒளி ஒரே பக்கமாகத் திரும்பும். வெள்ளைக் காகிதத்தின்மீது அடித்தால் அறையில் எங்கே நின்றாலும் அது தெரியும். நிலா அந்தக் காகிதம் மாதிரி. சொரசொரப்பான தரை ஒளியைச் சிதறடிக்கிறது.

இன்னொரு விஷயம். நிலா உண்மையில் அவ்வளவு வெள்ளை இல்லை! தன்மீது படும் சூரிய ஒளியில் ஏறக்குறைய 12 விழுக்காட்டைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச் சாலையின் நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றியுள்ள வானம் கறுப்பாக இருப்பதால்தான் அது நமக்குப் பளீரென்று தெரிகிறது.

எல்லாமே சரியாகச் சொன்னாரா?

இல்லை. கண்ணில் பார்வையை உணரும் பகுதி லென்ஸ் என்று நினைத்தார். விழித்திரையில்தான் பிம்பம் விழுகிறது என்பதை 1604இல் கெப்ளர் விளக்கினார். இப்னு அல்-ஹைதமின் நூல் லத்தீன் மொழிக்குப் போய், 1572இல் பாசல் நகரில் அச்சாகியிருந்தது. கெப்ளர் போன்றவர்களுக்கு அது அடித்தளமாக அமைந்தது.

தாலமியின் கருத்துகளில் தமக்கு எழுந்த சந்தேகங்களைத் தனி நூலாகவே எழுதியவர் அவர். பெரியவர்கள் சொன்னதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, சோதித்துப் பார்க்கணும் என்பதில் உறுதியாக இருந்தார். அவரைத் திருத்தியவர்களும் அதே வழியில்தான் போனார்கள்.

சுமார் 1040இல் கெய்ரோவில் காலமானார். இன்று ஈராக்கின் 10,000 தினார் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டை ஐக்கிய நாட்டு நிறுவனம் அனைத்துலக ஒளி ஆண்டாக அறிவித்தபோது, அவருடைய நூலின் ஆயிரம் ஆண்டும் சேர்த்துக் கொண்டாடப்பட்டது.

நிலாவின் கிழக்கு விளிம்பில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர்தான். அல்ஹசன் பள்ளம்.