மின்பொறியைப் படித்த பேராசிரியர்



ரேடியோவில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது டியூப்லைட் சுவிட்சைத் தட்டினால் 'டப்' என்று ஒரு சத்தம் வருமே, நினைவிருக்கிறதா? சுவிட்சுக்குள் தெறித்த சிறு பொறி, கம்பி இல்லாமலே ரேடியோவை எட்டிவிடுகிறது. நம் ஆவடியில் வானொலிக் கோபுரங்கள் எழுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பொறியை ஆராய்ந்த இந்தியர் ஜகதீச சந்திர போஸ். செடிகளைப் பற்றி ஆராய்ந்தவர் என்றுதான் பள்ளியில் அவரைப் படித்திருப்பீர்கள்.

1858-ல் வங்காளத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துத் திரும்பி, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் ஐரோப்பியரை விடக் குறைந்த சம்பளம். அதை ஏற்காமல் 3 ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்து சேர்ந்தது.

காற்று லேசில் மின்சாரத்தைக் கடத்தாது. 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். அந்த அளவு வந்ததும் காற்றே கடத்தியாக மாறிப் பொறி பாய்கிறது. கூடவே கண்ணுக்குத் தெரியாத அலைகளும் கிளம்புகின்றன. ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் இதை முன்பே காட்டியிருந்தார். போஸ் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கினார்.

அதில் ஒரு தொல்லை இருந்தது. பொறி பாயப் பாய உலோகக் குண்டின் மேற்பரப்பு அரித்துச் சொரசொரப்பாகும்; பிறகு பொறி ஒழுங்காக வராது. அதனால் எளிதில் அரிக்காத பிளாட்டினத்தைப் பயன்படுத்தினார். பொறிகளைச் சரமாக விடாமல் ஒவ்வொன்றாக விட்டார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில், அவர் அனுப்பிய அலைகள் சுவர்களைக் கடந்து போய் தூரத்தில் மணியை அடித்தன, வெடிமருந்தைப் பற்றவைத்தன. 1917-ல் தம் பெயரிலான ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார், 1937-ல் மறைந்தார்.

போஸைத் தொல்லைப்படுத்திய அதே அரிப்பு இன்று உங்கள் வீட்டு சுவிட்சிலும் நடக்கிறது. வீட்டின் 230 வோல்ட் தானாகக் காற்றைத் தாண்டாது. ஆனால் மின்சாரம் ஓடும்போது தொட்டிருந்த இரண்டு முனைகள் பிரிந்தால், அந்த இடம் உருகிப் பொறி பறக்கும். பிளக் லூசாக இருந்தால் இது திரும்பத் திரும்ப நடக்கும். ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் அரிக்கும். தொடுமிடம் குறையும், சூடு ஏறும், கடைசியில் பிளாஸ்டிக் கருகும்.

ஆகவே கீசர், ஏசி, இஸ்திரிப் பெட்டி பிளக்குகளை இந்த வாரமே கவனியுங்கள். சுவிட்சை அணைக்கும்போது கணநேரம் மினுக்குவது இயல்புதான். போட்ட பிறகும் 'சர்ர்' என்று சத்தம், கருகிய வாடை, தொட்டால் சூடு, இவற்றில் எது தெரிந்தாலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். பொறியின் குறும்பைப் போஸ் அலட்சியப்படுத்தவில்லை, நாமும் வேண்டாம்.