அஞ்சு தடவை தோத்தவருக்கு அமெரிக்கர்கள் கொடுத்த தங்கக் கோப்பை... டீ பாக்கெட் லிப்டனின் கடல் கதை!

ஐயப்பன்தாங்கல் டிப்போவில் முதல் பஸ் கிளம்புறதுக்கு முன்னாடியே டீக்கடை பாய்லர் சூடாகிடும். நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற ஐ.டி பசங்க, மெட்ரோ வேலைக்கு வந்த தொழிலாளர்கள், தூக்கம் கலையாத டிரைவர் அண்ணன்கள்னு எல்லார் கையிலயும் ஒரு கிளாஸ். அங்கே ஓடுறது டஸ்ட் டீ. அதே ஆட்களில் பாதிப் பேர் ஆபீஸ் போனதும் நூல்ல தொங்குற டிப் டீக்கு மாறிடுவாங்க. அந்த மஞ்சள் லேபிள்ல இருக்கிற பேர், லிப்டன்.

அது ஏதோ ஒரு கம்பெனி பேர்னுதான் நானும் ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன். ஆனா, தாமஸ் லிப்டன் ரத்தமும் சதையுமா வாழ்ந்த மனுஷன். டீ வித்துக் கோடீஸ்வரர் ஆனார்ங்கிறது பாதிக் கதைதான். பாய்மரப் படகுப் போட்டியில 31 வருஷம் விடாமல் தோத்து, ஜெயிச்சவங்களைவிடப் பெரிய பேர் வாங்கினார்ங்கிறதுதான் மீதி!

1848-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துல, ஏழைகள் நெருக்கியடிச்சு வாழ்ந்த கோர்பல்ஸ் பகுதியில் பிறந்தவர் லிப்டன். அப்பா, அம்மா அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவங்க. வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி விக்கிற சின்னக் கடை அவங்களுக்கு. பையன் சீக்கிரமே படிப்பை விட்டுட்டு எடுபிடி வேலைக்குப் போனான். அப்புறம் கிளாஸ்கோவுக்கும் பெல்ஃபாஸ்ட்டுக்கும் ஓடின நீராவிக் கப்பல்ல கேபின் பாய். கடல் மேல கிறுக்குப் பிடிச்சது அங்கேதான்.

டீன் ஏஜ்லேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறிட்டார். புகையிலைத் தோட்டம், நெல் வயல், கடைசியில நியூயார்க்கில் ஒரு மளிகைக் கடை. பொருளை எப்படி அடுக்கினா கண்ணில் படும், விளம்பரம் எப்படிப் பண்ணினா ஆள் வரும்னு அங்கேதான் கத்துக்கிட்டார். ஊர் திரும்பி 1871-ல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை. பன்றிகளை ஜோடிச்சுத் தெருவில் ஊர்வலம் விட்டார். ராட்சத சைஸ்ல சீஸ் கட்டி செஞ்சு, அதை ஊரே வேடிக்கை பார்க்க வெச்சார். இன்னிக்கு இருந்திருந்தா ரீல்ஸ்ல பின்னியிருப்பார், நிச்சயம்!

1888-க்குள்ள பிரிட்டன் முழுக்க நூற்றுக்கணக்கான கடைகள். அந்த நேரத்துல டீ விலை அதிகமா இருந்தது. இடைத்தரகர் இல்லாம வாங்கினா விலையைக் குறைக்கலாம்னு கணக்குப் போட்டவர், 1890-ல் இலங்கையில் போய் இறங்கினார். இலை நோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழிஞ்சுபோய், நிலம் மலிவா கிடைச்ச காலம். அப்புத்தளை பக்கத்துல தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வளைச்சுப் போட்டார். அளவு பார்த்து பாக்கெட் கட்டி, சாதாரண குடும்பமும் வாங்குற விலைக்கு வித்தார்.

கொழுந்து கிள்ளினது யார்?

இந்த இடத்தை ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போக எனக்கு மனசு வரலை. அந்தத் தோட்டங்கள்ல கொழுந்து கிள்ளினது நம்ம ஆட்கள். திருச்சி, மதுரை, திருநெல்வேலி, சேலம், புதுக்கோட்டைனு பஞ்சம் துரத்தின ஊர்களிலிருந்து கங்காணிகள் கூட்டிட்டுப் போன குடும்பங்கள். பயணச் செலவே கடனா எழுதப்படும். அடைச்சாதான் விடுதலை. குடியிருப்பு, பத்துக்குப் பத்து லயத்து அறை. லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டத்தைப் பார்த்ததா சொல்ற மலை முகடு இன்னிக்கு 'லிப்டன் சீட்' என்ற டூரிஸ்ட் ஸ்பாட். அங்கே அவருக்குச் சிலையும் இருக்கு. அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கோ, 1948-ல் இலங்கைக் குடியுரிமைகூட இல்லாமல் போச்சு. லிப்டனின் படகுகளுக்குப் போன பணத்துல இவங்க வேர்வையும் இருக்குங்கிறதை நினைவுல வெச்சுக்கிட்டுத்தான் மேல படிக்கணும்.

அடியே இல்லாத கோப்பை

அமெரிக்கா'ஸ் கப். 1851-ல் தொடங்கின பாய்மரப் படகுப் போட்டி. ஒலிம்பிக்ஸைவிட வயசு அதிகம். கோப்பைங்கிறது ஒரு வெள்ளி ஜக். அதுக்கு அடிப்பாகமே கிடையாது, டீ ஊத்தினா நிக்காது! அதைத் தங்ககிட்டயே வெச்சிருந்த நியூயார்க் யாட் கிளப்பை, பிரிட்டிஷ்காரங்க திரும்பத் திரும்ப சவால் விட்டுத் தோத்துட்டிருந்தாங்க.

1895-ல் அது சண்டையாகவே மாறிடுச்சு. டன்ரேவன் பிரபு என்பவர், அமெரிக்கப் படகுல ரகசியமா எடை ஏத்தினாங்கன்னு குற்றம்சாட்டினார். விசாரணை நடந்து, எதுவும் நிரூபணம் ஆகலை. கிளப் அவரை உறுப்பினர் பதவியிலிருந்தே தூக்கிடுச்சு. ரெண்டு நாட்டுப் படகோட்டிகளும் முகம் கொடுத்துப் பேசாத நிலை. போட்டி அத்தோட செத்துப்போயிருக்கலாம்.

அப்போ கையைத் தூக்கினவர்தான் இந்த மளிகைக் கடைக்காரர். 1899-ல் ராயல் அல்ஸ்டர் யாட் கிளப் சார்பா சவால் விட்டார். படகுக்கு வெச்ச பேர், 'ஷாம்ராக்'. பெத்தவங்க ஊரான அயர்லாந்தின் அடையாளமான மூணு இலைச் செடி. மார்கோனி வந்து வயர்லெஸ்ல ரேஸ் செய்தியை அனுப்பின அளவுக்குப் பரபரப்பு. ஒரு ரேஸ்ல ஷாம்ராக்கோட பாய்மர உச்சி முறிஞ்சது. முடிவு, 3-0 தோல்வி. லிப்டன் ஒரு புகாரும் சொல்லலை. சிரிச்சுக்கிட்டே வாழ்த்திட்டு, திரும்பவும் வர்றேன்னுட்டுப் போனார்.

புகார் சொல்ல அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சவால் விடுற படகு அட்லான்டிக் கடலைத் தானே தாண்டி வரணும்னு விதி. அதனால கனமா, உறுதியா கட்டியாகணும். உள்ளூர்க்காரங்களோ ரேஸுக்கு மட்டும் லேசா கட்டிக்கலாம்!

1901. பிரிட்டன்ல வெள்ளோட்டம் பார்க்கும்போதே ஷாம்ராக் II-ன் பாய்மரம் சரிஞ்சு விழுந்தது. அப்போ படகுல இருந்தவர் மன்னர் ஏழாம் எட்வர்ட்! நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. போட்டியின் கடைசி ரேஸ்ல லிப்டன் படகுதான் முதல்ல கோட்டைத் தாண்டுச்சு. ஆனா, பெரிய படகு சின்னப் படகுக்குச் சில நொடிகளை விட்டுக்கொடுக்கணும்கிற கணக்குல அதுவும் தோல்வியாச்சு. 1903-ல் எதிரே நின்னது 'ரிலையன்ஸ்'. அதோட பாய்களின் பரப்பு மட்டும் 16,000 சதுர அடிக்கு மேல. நம்ம ரியல் எஸ்டேட் பாஷையில ஆறரை கிரவுண்டுக்கு மேல. ஷாம்ராக் III கடைசி ரேஸ்ல பனிமூட்டத்துல வழியையே தவறவிட்டது.

1914-ல் நாலாவது படகு அட்லான்டிக்கைத் தாண்டிட்டிருக்கும்போதே முதல் உலகப் போர் வெடிச்சது. லிப்டன் தன் சொகுசுக் கப்பல் 'எரின்'-ஐ மருத்துவ சேவைக்குத் திருப்பினார். டைஃபஸ் காய்ச்சல்ல மக்கள் செத்துட்டிருந்த செர்பியாவுக்கு, 1915-ல் டாக்டர், நர்ஸ், மருந்துகளோட அவரே போனார். அப்புறம் அந்தக் கப்பல் கடற்படைக்குப் போய், 1916-ல் மால்டா அருகே கண்ணிவெடியில் மூழ்கிடுச்சு.

ஒத்திவெச்ச போட்டி 1920-ல் நடந்தது. இந்தத் தடவை கிட்டத்தட்ட தொட்டுட்டார். முதல் ரேஸ்ல எதிராளியோட கயிறு அறுந்தது. ரெண்டாவதை நேராவே ஜெயிச்சார். 2-0. இன்னும் ஒண்ணே ஒண்ணு! மூணாவது ரேஸ்ல ரெண்டு படகுகளும் எடுத்துக்கிட்ட நேரம் ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லாமல் ஒண்ணு. ஆனா, அதே விட்டுக்கொடுக்கும் கணக்குல ஷாம்ராக் IV ஏழு நிமிஷம் தரணும். போச்சு. நாலாவது, அஞ்சாவதும் போச்சு.

கடைசி முயற்சி 1930-ல். லிப்டனுக்கு 82 வயசு. ஹெரால்ட் வாண்டர்பில்ட்டின் 'என்டர்பிரைஸ்' 4-0-னு முடிச்சுவிட்டது. அன்னிக்கு ஜெயிச்சவங்களே சந்தோஷமா இல்லைங்கிறாங்க. வில் ரோஜர்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் ஒரு ஐடியா கொடுத்தார். ஆளுக்கு ஒரு டாலர் போட்டு, இந்தப் பெரியவருக்கு நாமே ஒரு கோப்பை வாங்கிக் கொடுப்போம்னு. பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரத்துலயும் காசு குவிஞ்சது. டிஃபனி நிறுவனம் செஞ்ச தங்கக் கோப்பையை, அந்த டிசம்பர்ல நியூயார்க் மேயர் ஜிம்மி வாக்கர் சிட்டி ஹால்ல வெச்சு அவர் கையில கொடுத்தார்.

இதெல்லாம் டீ விக்கிறதுக்கான விளம்பரம்தானேன்னு கேட்டா, ஆமாம், விளம்பரமும்தான். தோத்த ஒவ்வொரு தடவையும் அமெரிக்காவுல அவர் பேர் பரவுச்சு. அவர் சுக்கான் பிடிச்சவரும் இல்லை. படகின் உரிமையாளர், அவ்வளவே. ஆனா, வெறும் விளம்பரத்துக்கு 31 வருஷம், அஞ்சு படகு ரொம்ப அதிகம் பாஸ். பல நாட்டுப் படகு கிளப்களுக்கு அவர் கொடுத்த கோப்பைகளுக்காக இன்னிக்கும் ரேஸ் நடக்குது. 1909-ல் டுரின் நகர ஃபுட்பால் போட்டிக்கு அவர் கொடுத்த கோப்பையைத் தட்டிட்டுப் போனது வெஸ்ட் ஆக்லாண்ட் என்ற ஊரின் சுரங்கத் தொழிலாளர் டீம்!

எனக்கு உறுத்துற விஷயம் வேற. பிரிட்டனின் பெரிய இடத்து கிளப்பான ராயல் யாட் ஸ்குவாட்ரன், கடைக்காரர் என்பதாலேயே அவரை வெகுகாலம் சேர்க்கலை. மன்னரே நண்பர், ஆனா கிளப் கதவு மூடியே இருந்தது. 1931-ல்தான் திறந்தாங்க. அதே வருஷம் அக்டோபர் 2-ம் தேதி லண்டன் வீட்டில் லிப்டன் இறந்துட்டார்.

கல்யாணம் பண்ணிக்காதவர். சொத்தின் பெரும்பகுதி கிளாஸ்கோ நகர ஏழைத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் போச்சு. கோப்பைகளும் அந்த ஊருக்கே. அம்மா, அப்பா பக்கத்துலயே அவரைப் புதைச்சாங்க.

அடியில்லாத அந்த வெள்ளி ஜக் 1983 வரைக்கும் நியூயார்க்கை விட்டு நகரலை. அந்த வருஷம் அதைக் கொண்டுபோனது ஆஸ்திரேலியா.