பொதுஜன அபிப்பிராயத்தை அளந்தவர்

தேர்தல் வரும்போதெல்லாம் ஒவ்வொரு கட்சியாரும் தேசம் தம் பக்கமே இருக்கிறதென்று சாதிப்பதை நாம் கண்டு வருகிறோம். கூட்டத்தில் திரண்ட தலைகளை எண்ணி மகிழ்வோர் சிலர். பத்திரிகைக்கு வந்த கடிதங்களை எடை போடுவோர் சிலர். இக்காலத்தில் கைபேசித் திரையில் விழும் விருப்பக் குறிகளைக் கூட்டிப் பார்ப்போர் பலர். ஜனங்களின் உள்ளத்தை உள்ளபடி அறிய வழியுண்டா என்னும் கேள்விக்குத் தம் ஆயுளையே அர்ப்பணித்த ஒருவரின் சரித்திரத்தை இன்று நம் நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவர்தான் அமெரிக்க தேசத்து ஜார்ஜ் காலப்.

1901-ம் வருஷம் நவம்பர் 18-ந் தேதி, அயோவா மாகாணத்து ஜெபர்ஸன் என்னும் சிற்றூரில் காலப் பிறந்தார். அயோவா சர்வகலாசாலையில் மாணவராயிருந்த காலத்திலேயே அங்கு நடந்த தினசரிக்கு ஆசிரியரானார். பத்திரிகையை ஜனங்கள் எவ்வாறு படிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தே 1928-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். எதைப் படித்தீர்கள் என்று கேட்டால் யாவரும் கௌரவமான விடையையே சொல்வர். ஆகையால் காலப் அப்படிக் கேட்கவில்லை. வாசகரின் அருகே அமர்ந்து, பத்திரிகையைப் பத்தி பத்தியாகப் புரட்டி, அவர் மெய்யாகவே படித்த இடங்களைக் குறித்துக்கொள்ளும் முறையை வகுத்தார். முதற் பக்கத்துப் பெரிய செய்தியைவிட வேடிக்கைச் சித்திரங்களுக்கே வாசகர் அதிகம் என்பது அதனால் வெளியாயிற்று. தலையங்கம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது இனிக்கும் செய்தியன்று. ஆயினும் உண்மையை மறுப்பதற்கில்லை.

1932-ல் அவர் நியூயார்க் நகரத்து விளம்பரக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அதே வருஷத்தில் அவருடைய மாமியார் ஓலா பாப்காக் மில்லர் அம்மையார் அயோவா மாகாணக் காரியதரிசிப் பதவிக்கு நின்று வெற்றி பெற்றார். பத்திரிகை வாசகரை அளந்த கோலினாலேயே வோட்டர்களையும் அளக்கலாகுமென்று காலப் துணிந்தார். 1935-ல் பிரின்ஸ்டன் நகரில் பொதுஜன அபிப்பிராய ஸ்தாபனம் ஒன்றை நிறுவித் தம் முடிவுகளைப் பல பத்திரிகைகளுக்கு அனுப்பலானார்.

அக்காலத்தில் இத்துறையில் கொடி கட்டிப் பறந்தது லிட்டரரி டைஜஸ்ட் என்னும் வாரப் பத்திரிகை. 1916 முதல் 1932 வரை நடந்த ஐந்து ஜனாதிபதித் தேர்தல்களிலும் வெற்றி பெறுவோர் யாரென்பதை அது சரியாகவே சொல்லி வந்தது. 1936-ல் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து லாண்டன் நின்றபோது அது ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் மாதிரி வோட்டுச் சீட்டுகளை அனுப்பிற்று. இருபத்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. லாண்டனே வெல்வாரென்று அவை கூறின. காலப்போ, சுமார் ஐம்பதினாயிரம் பேரை மட்டுமே விசாரித்து, ரூஸ்வெல்ட்டுக்கே ஜயம் என்றார். அதுமட்டுமன்று; டைஜஸ்ட் பத்திரிகையின் முறையையே சிறிய அளவில் நடத்திப் பார்த்து, அதன் கணக்கு எவ்வாறு தவறப்போகிறதென்பதையும் பல மாதங்களுக்கு முன்னரே பிரசுரித்துவிட்டார். தேர்தலில் 48 மாகாணங்களில் 46 ரூஸ்வெல்ட்டின் வசமாயின. 1938-ல் டைஜஸ்ட் பத்திரிகையே மறைந்தது.

ஒரு கோடி தோற்று ஐம்பதினாயிரம் வென்ற விந்தைக்குக் காரணம் யாது? டைஜஸ்ட் தன் விலாசங்களைப் பெரும்பாலும் டெலிபோன் புஸ்தகங்களிலிருந்தும் மோட்டார் வண்டிச் சொந்தக்காரர்களின் ஜாபிதாக்களிலிருந்தும் எடுத்தது. அந்நாளில் டெலிபோன் இல்லாத குடும்பங்களே அங்கு அதிகம். முந்திய தேர்தல்களில் பணக்காரரும் ஏழைகளும் அவ்வளவாகப் பிரிந்து நிற்காதபடியால் அக்குறை வெளித் தெரியவில்லை. பெரும் பொருளாதார மந்தத்துக்குப் பின் நடந்த தேர்தலிலோ வர்க்கங்கள் இரண்டும் எதிரெதிரே நின்றன. டெலிபோன் இல்லாதவனின் வோட்டுப் பெட்டியில் விழுந்தது; டைஜஸ்டின் கணக்கில் விழவில்லை. சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரமம் எடுத்துக்கொள்வோர் ஒரு தனி ரகத்தினர் என்பதும் மற்றொரு காரணம்.

காலப்பின் முறையும் குற்றமற்றதன்று. அந்த 1936-லேயே ரூஸ்வெல்ட்டின் பலத்தை அவர் ஐந்து சதவிகிதம் குறைத்தே மதிப்பிட்டார். ஆண் இத்தனை, பெண் இத்தனை, தரித்திரர் இத்தனை என்று பங்கு வகுத்துக் கொடுத்து, ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விசாரணைக்காரருக்கே அவர் விட்டார். அவர்களோ அணுகுவதற்கு எளியவரையே நாடினர். அன்றியும், தென் மாகாணங்களில் வோட்டுரிமை மறுக்கப்பட்ட நீக்ரோ மக்களுக்கு அவருடைய மாதிரிக் கணக்கில் உரிய இடம் இருக்கவில்லை. பெட்டியில் ஊமையாக்கப்பட்டவர் கணக்கிலும் ஊமையாகவே நின்றனர். ஒரு தேசத்தின் அபிப்பிராயம் என்ற பெயரால் இதை வெளியிட்டது நியாயமாகாது என்பதே நம் கருத்து.

1948-ல் தண்டனை வந்தது. டூயி வெல்வாரென்று காலப் கூறினார், ட்ரூமன் வென்றார். தேர்தலுக்குப் பல நாள் முன்பே விசாரணையை நிறுத்தியதும், பங்கு வகுக்கும் முறையும் தவறுக்குக் காரணங்களென்று அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து கூறிற்று. காலப் தம் முறையைத் திருத்திக்கொண்டார். இடங்களையும் வீடுகளையும் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அதன் பின் வலுப்பெற்றது. கட்சிகளிடம் கூலி பெற்றுக் கணக்கெடுப்பதில்லை என்னும் விரதத்தையும் அவர் காத்தார். 1984-ம் வருஷம் ஜூலை மாதம், தம் 82-ம் வயதில், சுவிட்ஸர்லாந்தில் காலமானார்.

அவருக்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. 1936-ல் டைஜஸ்டைக் கவிழ்த்த டெலிபோன், பிற்காலத்தில் அமெரிக்காவின் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. எனவே குருட்டாம்போக்கில் எண்களைச் சுழற்றிக் கூப்பிடும் முறை பரவி, வீடு வீடாகச் செல்லும் செலவு மிக்க முறையை ஒதுக்கித் தள்ளிற்று. காலப்பின் ஸ்தாபனமும் அதையே தழுவிற்று. பின்னர் கைபேசி வந்தது. கூப்பிடுவது யாரென்று பார்த்து, அறியாத எண்ணாயின் எடுக்காமல் விடும் வழக்கமும் வந்தது. அமெரிக்காவில் பியூ ஆராய்ச்சி நிலையம் டெலிபோனில் நடத்திய விசாரணைகளில் 1997-ல் நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள். 2018-ல் நூற்றுக்கு 6 பேரே சொன்னார்கள். 2012-ம் வருஷத் தேர்தலில் காலப் ஸ்தாபனத்தின் கடைசிக் கணக்கு ராம்னியை ஒபாமாவுக்கு முன்னே நிறுத்திப் பொய்த்தது. 2016-ம் வருஷத்து ஜனாதிபதித் தேர்தலில் யார் முந்துகிறார் என்னும் பந்தயக் கணக்கிலிருந்து அது விலகி நின்றது.

இன்று இன்டர்நெட்டில் லட்சக்கணக்கானோர் வோட்டளித்ததாகப் பறைசாற்றும் கணக்குகளைக் காணுங்கால் நமக்கு டைஜஸ்ட் பத்திரிகையே நினைவுக்கு வருகிறது. தாமே வலிய வந்து பேசுவோரை எத்தனை லட்சம் சேர்த்தாலும் பேசாதோரின் மனம் அதில் இராது. தபால் விலாசங்களைக் குலுக்கிப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் இன்டர்நெட் வழியாக விடை கேட்கும் முறையை இப்போது அங்கு சில ஸ்தாபனங்கள் கையாள்கின்றன. பழைய தபாலும் புதிய யந்திரமும் கைகோத்திருக்கின்றன.

தபாலாயினும் டெலிபோனாயினும் கைபேசியாயினும் ஒவ்வொரு கருவிக்கும் அது எட்டாத மனிதர் உண்டு. காலப் அளித்த நல்ல பாடமும், அவரே மறந்து தண்டனை பெற்ற பாடமும் இதுதான். ஜனங்களின் பெயரால் பேசும் தொண்டர்கள் எந்தக் கணக்கைக் கையிலெடுத்தாலும், எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதோடு நிற்கலாகாது; யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். அக்கேள்வியைக் கேளாத கட்சிக்கு விடையைத் தேர்தல் தினத்தில் வோட்டுப் பெட்டியே சொல்லும்.