ஜி. டி. நாயுடுவும் மோட்டார் வண்டித் தொழிலும்

கோவை மாநகருக்கு மேற்கே, மேலைமலைத் தொடரின் அடிவாரத்தை அடுத்துத் தொண்டாமுத்தூர் என்னும் ஊர் உளது. தக்காளியும் சின்ன வெங்காயமும் வாழையும் பாக்கும் அவ்வூர்ப் புறத்தே விளைகின்றன. அங்கே சுமையேற்றும் லாரிகள் கோவைச் சந்தைக்கும், வாளையாற்றைக் கடந்து கேரள நாட்டு ஊர்களுக்கும் செல்வன. தக்காளி காத்திராது, சந்தையும் காத்திராது. ஆதலின் வண்டியுடையார் நெஞ்சில் இரண்டு கவலைகள் எந்நாளும் குடியிருக்கும். வண்டியும் அதனைச் செலுத்துவோனும் தீங்கின்றி மீளவேண்டும் என்பது ஒன்று. மீண்டபின், எண்ணெய்க்கும் டயருக்கும் கூலிக்கும் வரிக்கும் கடன் தவணைக்கும் கொடுத்ததுபோகக் கையில் ஏதேனும் எஞ்சவேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டன என்றும், ஒன்றைப் பேணின் மற்றொன்று குறையும் என்றும் கருதுவோர் பலர். அக்கருத்துப் பிழையென்பதைக் கொங்கு நாட்டில் தம் தொழிலாலே விளக்கிக் காட்டியவர் ஜி. டி. நாயுடு எனப் பெயர்பெற்ற கோபால்சாமி துரைசாமி நாயுடு அவர்கள். அவர் ஏற்றிச் சென்றது மக்களை, சரக்கையன்று. எனினும் சக்கரமும் பிரேக்கும் வண்டியோட்டியின் கண்ணுறக்கமும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒன்றுதானே!

நாயுடு அவர்கள் 1893 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23 ஆம் நாள், கோவைக்குக் கிழக்கே சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே அன்னையை இழந்தமையால் தாய்மாமன் பேணலில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு உவப்பாயில்லை. ஆசிரியர் கண்ணில் மணலைத் தூவிவிட்டு ஓடினார் என்றொரு செய்தியும் வழங்கிவருகிறது. மூன்றாம் வகுப்பிற்கு மேல் அவர் பயின்றிலர். நம் மாணவருள் எவரேனும் இதனைத் தமக்கு ஆதரவாகக் கொள்ள எண்ணுவராயின், பள்ளிக்கு வெளியே அவர் எத்துணை ஆண்டுகள் எத்துணைக் கடுமையாகக் கற்றார் என்பதையும் உடன் எண்ணுவாராக.

அக்கல்வி ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து தொடங்கிற்று. ஆங்கில அதிகாரி ஒருவர் அவ்வூர்ப் பக்கம் ஏறிவந்த வண்டி அது. மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அப்பொருளைக் கண்ட இளைஞர், அதனைத் தமதாக்கிக்கொள்ள உறுதிபூண்டார். கோவைக்குச் சென்று உணவு விடுதியொன்றில் பரிமாறுபவராக அமர்ந்து, ஏறத்தாழ மூன்றாண்டுகள் காசு சேர்த்து, அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வந்து மகிழ்ந்ததோடு அமையவில்லை. அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றித் தரையிற் பரப்பினார். ஒவ்வொன்றும் யாது செய்கிறதென ஆராய்ந்தார். மீண்டும் பூட்டி ஓட்டினார். அவருடைய பின்னாளைய செல்வமனைத்தும் இச்செயலினின்றே கிளைத்ததென்பது என் துணிபு. வண்டியை விலைகொடுத்து உடையவன் ஒருவன். அதன் உள்ளுறுப்பை அறிந்து உடையவன் மற்றொருவன். முன்னவனுக்கு வண்டி நின்றபிறகே அதன் நோய் தெரியும். பின்னவனுக்கு அது நிற்பதற்கு முன்னரே தெரியும். வாகனத் தொழிலில் ஊதியமும் இழப்பும் பிரியும் இடம் இதுவே.

இடையிற் சில ஆண்டுகள் அவர் பருத்தித் தொழிலில் ஈடுபட்டார். திருப்பூரில் பொருள் ஈட்டியதும், பம்பாய்ப் பருத்தி வாணிகத்தில் அதனை இழந்ததும் உண்டு. மீண்டும் வெறுங்கையராய் நின்றவருக்கு, கோவையில் ஆலைத் தொழிலும் மோட்டார் வாணிகமும் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரையின் உதவி கிட்டிற்று. அவ்வுதவியால் 1920 ஆம் ஆண்டில் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கினார்.

அவ்வழியை அவர் தேர்ந்தது ஈண்டு எண்ணத்தக்கது. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915 ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. பொள்ளாச்சிக்குக் கிழக்கே பழனி வழியாகத் திண்டுக்கல் வரை அது நீண்டது 1928 ஆம் ஆண்டில்தான். ஆகவே 1920 இல் பழனியாண்டவரைத் தொழச் செல்லும் அடியார்க்குப் புகைவண்டி பொள்ளாச்சியில் முடிந்துபோகும். எஞ்சிய நாற்பது மைல் அளவு மாட்டு வண்டியே துணை. தைப்பூசத்திற்கும் பங்குனி உத்தரத்திற்கும் கூட்டம் பெருகும். ஏனை நாளிலும் கோயிலுக்குச் செல்வோர் அறவே இல்லாமற் போகார். போகும்போதும் ஆளுண்டு, திரும்பும்போதும் ஆளுண்டு. வெற்று வண்டியாய் மீளும் ஒவ்வொரு மைலும் உடையவன் பையிலிருந்து எண்ணெயை எரிப்பதாகும் என்பதை இன்றைய லாரிக்காரர் நன்கறிவர். திரும்பு சுமை உறுதியான வழியொன்றை முதல் வண்டியிலேயே கண்டுகொண்டமை தற்செயலாயிருப்பின், அது மிக நல்ல தற்செயல்.

ஒரு வண்டி சில ஆண்டுகளிற் பலவாகி, யூனிவர்ஸல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெயரால் நாடறிந்த நிறுவனமாயிற்று. அக்காலத்து பஸ் தொழிலின் நிலையை இங்கே சிறிது கூறுதல் வேண்டும். வழித்தட உரிமமும் கால அட்டவணையும் செவ்வனே வகுக்கப்படாத நாட்கள் அவை. ஆள் நிரம்பும் வரை வண்டி நிற்கும். நிரம்பியபின் முன்னே சென்றவனை முந்த விரையும். ஒருவன் கட்டணத்தைக் குறைத்தால் அடுத்தவன் அதனினும் குறைப்பான். குறைந்த காசை ஈடுசெய்யப் பழுதுபார்க்கும் செலவை வெட்டுவான். இதன் முடிவு பள்ளத்தில் கவிழ்ந்த வண்டியும், கடனில் மூழ்கிய முதலாளியும்.

நாயுடு அவர்கள் சென்ற நெறி வேறு. குறித்த நேரத்திற்கு வண்டி புறப்படவேண்டும் என்பதை விதியாக்கினார். பயணச்சீட்டு வழங்கும் பொறி, வண்டி வந்துபோகும் நேரத்தைக் காட்டும் கருவி, என்ஜினின் அதிர்வைக் கண்டறியும் கருவி என்பவற்றைத் தாமே அமைத்தார். இவற்றுள் முதலது காசு கசிவதைத் தடுப்பது. இரண்டாவது காலம் கசிவதைத் தடுப்பது. மூன்றாவதை நான் மற்ற இரண்டினும் மேலாக மதிக்கிறேன். தளர்ந்த மரையாணியும் தேய்ந்த பேரிங்கும் சரிவர எரியாத சிலிண்டரும் உடைந்து நிற்பதற்கு முன் அதிர்வால் தம் நிலையை அறிவிக்கும். அதனைப் பட்டறையிலேயே கண்டு முடுக்கினால் செலவு சில அணாக்கள். காணாது விட்டு, இரவில் நடுவழியில் அது முறிந்தால், இழுத்துவரும் கூலியும், பிரயாணிகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் கட்டணமும், மறுநாள் ஓட்டமிழந்த நட்டமும் சேரும். முறிந்தது ஸ்டியரிங்காயின் கணக்கெழுத ஆளிருப்பதே ஐயம்.

இந்நெறி எல்லா உறுப்பிற்கும் பொருந்தும். டயரில் காற்றுக் குறைந்தால் அதன் பக்கங்கள் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். வெடிக்காத நாளிலும் உருளுதற்குத் தடையாகி எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும். காலையில் காற்றை அளந்துபார்க்கும் ஐந்து நிமிடம் உயிரையும் காக்கிறது, காசையும் காக்கிறது. வால்பாறைச் சாலையில் 40 கொண்டையூசி வளைவுகளும், திம்பம் மலைப்பாதையில் 27 வளைவுகளும் உள்ளன. இவ்விறக்கங்களில் பிரேக்கை மட்டும் நம்பிவருவோன் வண்டியில் பிரேக்குச் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குவோனுக்கு என்ஜினே பாதிச் சுமையைத் தாங்கிக்கொடுக்கும், பிரேக்குக் கட்டையும் நெடுநாள் உழைக்கும். மிகைச் சுமையோ எல்லாவற்றினும் கொடிது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையில், அச்சின் மேல் அமரும் பாரம் இருமடங்கானால் சாலைக்கு விளையும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறதெனக் கண்டனர். ஐந்தில் ஒரு பங்கு பாரம் மிகுந்தாலே சேதம் இருமடங்கு. அச்சாலையில் மறுநாள் ஓடப்போவதும் அதே லாரிதான்.

1936 ஆம் ஆண்டில் நாயுடு அவர்கள் மேனாடு சென்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாற் படம் பிடித்ததும், ஜெர்மனியில் தொழிற்சாலைகளைக் கண்டதும் பலரும் அறிந்தவை. 1937 இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் செய்ததும், சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதியும் பொறி முதலியவற்றை ஆக்கியதும் தனிக் கட்டுரைக்கு உரியன. 1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் உரிமத்தையும் கால அட்டவணையையும் நாடு முழுமைக்கும் விதித்தபோது, அவர் முன்னரே தம் பட்டறையில் நடத்திவந்த ஒழுங்கே சட்டமாயிற்று எனலாம்.

கல்லூரி மலரில் எழுதுவோன் விட்டுவிடக்கூடாத செய்தி ஒன்றுண்டு. மூன்றாம் வகுப்போடு நின்ற இவர், 1945 ஆம் ஆண்டில் கோவையில் தம் முயற்சியாலும் பொருளாலும் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்பள்ளியும் பொறியியற் கல்லூரியும் தோன்றியபோது, அதன் முதல்வராக அமர்ந்தார். பொறியியலுக்கு நான்காண்டு மிகை. இரண்டாண்டிற் கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. அரசினர் இணங்கவில்லை. அவர் பதவியை விட்டு நீங்கினார். அக்கல்லூரியே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம்? பாலத்தையும் அணையையும் கணக்கிடுவோனுக்கு இரண்டாண்டு போதாது என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் வண்டியைப் பழுதுபார்ப்போனுக்கும் செலுத்துவோனுக்கும் கரும்பலகையைக் காட்டிலும் கழற்றிப் பரப்பிய என்ஜின் பெரிய ஆசிரியன் என்பதில் அவர் கண்டது உண்மை. நம் நாட்டில் இன்றும் பெரும்பாலான லாரி வண்டியோட்டிகள் கிளீனராகச் சேர்ந்து பார்த்துப் பழகியவர்களே. கற்பித்தவன் பிழையாகக் கற்பித்திருந்தால் அப்பிழையும் சேர்ந்தே கைமாறும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாதென, 2025 வரை நடப்பிலிருந்த 1961 ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. அதனை அறிந்த வண்டியோட்டி எத்தனை பேர், அறிந்தும் கேட்கத் துணிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு வினா.

அரசினரோடு அவருக்கிருந்த பிணக்கு அத்துடன் முடியவில்லை. 1952 இல் இருவர் அமரத்தக்க சிறு காரொன்றை இரண்டாயிரம் ரூபாய் விலைக்குச் செய்து காட்டினார். அதனைப் பெருவாரியாகச் செய்ய உரிமம் கிடைத்திலது. வரிக்கொள்கையை எதிர்த்துத் தாம் செய்த பொருள்களைத் தாமே பலர் காண உடைத்தார். அச்செயலை வியப்போரும் உண்டு. ஒரு மரையாணியையும் வீணாக்காத கை அவ்வாறு உடைத்ததை எண்ணும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது.

1972 ஆம் ஆண்டில் கோவை வட்டாரத்து பஸ்கள் சேரன் போக்குவரத்துக் கழகத்தின் வழி அரசின் கைக்கு வந்தன. பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் 1931 இல் தொடங்கிய ஆனைமலை பஸ் போக்குவரத்து நிறுவனமும் தன் வழித்தடங்களை இழந்தபின், சரக்கேற்றும் லாரித் தொழிலில் முனைந்தது. பஸ் ஓட்டிப் பழகிய கணக்கும் பட்டறை ஒழுங்கும் லாரிக்கு உதவின.

நாயுடு அவர்கள் 1974 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4 ஆம் நாள் கோவையில் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த காட்சிச்சாலை அவினாசிச் சாலையில் உளது. அதே சாலையில் உப்பிலிபாளையம் தொடங்கிக் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்திற்குக் கட்டிய மேம்பாலம் 2025 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9 ஆம் நாள் திறக்கப்பட்டபோது, அதற்கும் ஜி. டி. நாயுடு என்றே பெயரிட்டனர்.