இரண்டு கண்ணாடித் தகடு, ஒரு கடல்

மத்தியான வெயிலில் அம்மாவை வாசல்படியில் உட்காரவைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். முகம் தெரிந்தால் தெரு வெள்ளையாகிவிடும். தெரு தெரிந்தால் அம்மா வெறும் நிழல்! இதற்குத்தான் டிஜிட்டல் கேமராவில் 'எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங்' வைத்திருக்கிறார்கள். ஸ்டாண்டில் கேமராவை அசையாமல் வைத்து, அப்பர்ச்சரை மாற்றாமல் ஷட்டரை மட்டும் 1/500, 1/125, 1/30 என மாற்றி மூன்று படம் எடுத்துச் சேர்ப்பது.

கேமராவில் சிப் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவர் பிரான்சு நாட்டு குஸ்தாவ் லெ கிரே. 1820-ல் பிறந்தவர். படித்தது ஓவியம், பிழைத்தது போட்டோவில். 1851-ல் பழைய கட்டடங்களைப் படமெடுக்க அரசு அனுப்பிய ஐந்து பேரில் இவரும் ஒருவர்.

அன்றைய கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியைத்தான் சட்டென்று பிடிக்கும். கடல் பதியும்வரை காத்திருந்தால் வானம் அளவு மீறிப் பதிந்து, அச்சில் மேகமே இல்லாத வெள்ளையாக வரும். லெ கிரே என்ன செய்தார்? வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ். அச்சிடும்போது ஒரு பாதியை மறைத்து மறு பாதி, அப்புறம் மாற்றி. ஒட்டு தெரியாமல் தொடுவானத்தில் இணைத்துவிடுவார். 1857-ல் சேத் துறைமுகத்தில் எடுத்த பெரிய அலைப் படம் அப்படி வந்ததுதான். இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுக்கவேண்டும் என்றுகூட அவர் பார்க்கவில்லை. ஒரே வானத்தை வேறு வேறு கடலுக்கும் போட்டிருக்கிறார், பலே ஆள்!

தொழில்தான் கைவிட்டது. கடன் மிஞ்சி, 1860-ல் பாரிஸ் ஸ்டுடியோ கம்பெனி கலைந்தது. எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவோடு கப்பல் ஏறினார். பலெர்மோவில் கரிபால்டியைப் படமெடுத்தார். மால்டாவில் துமா இவரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். பாரிசுக்குத் திரும்பவேயில்லை.

இந்தக் கதையைச் சொன்னபோது எங்க அப்பா கேட்டது ஒன்றுதான்: பெண்டாட்டி பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று. ஆதரவில்லாமல் விட்டுவிட்டுப் போனார் என்றேன். அப்பா அதற்கப்புறம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அவர் முகம் போன போக்கு எனக்குப் புரிந்தது. லெ கிரேயின் கைத்திறனை மெச்சுகிறேன், இதை மட்டும் மன்னிக்க மனசு வரலை.

கெய்ரோவில் ஓவிய வாத்தியாராகப் பிழைத்து, 1884-ல் அங்கேயே இறந்தார். அந்த அலைப் படத்தின் ஒரு பிரதி 1999-ல் லண்டன் ஏலத்தில் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது.