ஆங்கிலம் படித்தவர், தமிழுக்காகப் பேசியவர்



பிளஸ் டூ முடித்த பிள்ளை பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்க ஆசைப்பட்டால், அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். பி.காம். படித்த நானும் அப்படிக் கேட்கிறவன்தான். அதனால்தான் இந்த இதழில் அ. மாதவையாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்.

1872இல் திருநெல்வேலிச் சீமையில் பெருங்குளத்தில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். தாம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. முதல்வர் வில்லியம் மில்லர், ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றி நூல்கள் எழுதியவர். அந்தச் சூழலில் மாதவையா ஆங்கிலத்தில் தேர்ந்தார். கல்லூரி இதழில் ஆங்கிலக் கவிதைகளும் எழுதினார்.

1892இல் பி.ஏ. முடித்தார். அதே ஆண்டில் விவேக சிந்தாமணி இதழில் தமிழ்த் தொடர்கதை ஒன்றையும் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபதுதான். அந்தக் காலத்துப் பெண்கள் பட்ட கொடுமையைப் பேசிய அந்தக் கதை பாதியில் நின்றுபோனது. அவர் அதை விட்டுவிடவில்லை. 1903இல் 'முத்துமீனாட்சி' என்ற பெயரில் நூலாகக் கொண்டுவந்தார்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். அவர் உப்பு இலாகாவில் அதிகாரியானார். வெளியூர் உத்தியோகம், சோதனை, கணக்கு என்று போகும் வாழ்க்கை. நாள் முழுவதும் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினால் செய்தித்தாளைப் புரட்டக்கூடத் தெம்பிருக்காது என்பது எனக்குத் தெரியும். அவரோ அந்த உத்தியோகத்துக்கிடையே 'பத்மாவதி சரித்திரம்' எழுதினார். ஆங்கிலத்தில் 'தில்லை கோவிந்தன்', 'கிளாரிந்தா' போன்ற நாவல்களையும் எழுதினார். வயது வரும் முன்பே ஓய்வு பெற்று மயிலாப்பூரில் குடியேறினார். ஓய்வு பெற்றும் ஓயவில்லை. 1924இல் 'பஞ்சாமிர்தம்' என்ற தமிழ் மாத இதழைத் தொடங்கினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் உறுப்பினராகவும் ஆனார். 1925 அக்டோபர் 22 அன்று செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசினார். பேசி முடித்து அமர்ந்தவர் அங்கேயே உயிர்விட்டார். வயது 53.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தால் பட்டமும் பதவியும் பெற்று, ஆங்கிலத்திலேயே நாவல்கள் எழுதிய மனிதர் கடைசியாகப் பேசியது தமிழுக்காக. ஒரு மொழியின் இலக்கியத்தை ஊன்றிப் படித்ததால் இன்னொரு மொழி அவருக்குத் தூரமாகிவிடவில்லை. இரண்டும் அவர் வீட்டுச் சொத்தாகவே இருந்தன.

நம் வீடுகளில் ஆங்கிலம் சரளமாகப் பேசும் பல பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். பேரன் பேத்திகளைச் சொல்லிப் பயனில்லை. நாம்தான் அவர்களோடு உட்காரவில்லை. 'முத்துமீனாட்சி' சிறிய புத்தகம்தான். இந்த விடுமுறையில் தினம் இரண்டு பக்கம் சேர்ந்து படித்துப் பாருங்கள். ஆங்கில இலக்கியம் படிக்கிறேன் என்று பிள்ளை வந்து நின்றால், வேலையைப் பற்றிக் கேட்கும் முன் மாதவையாவை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.