தாமஸ் மன்றோவும் உழவன் கைப்பொருளும்

பொருள் எங்ஙனம் திரண்டு முதலாகின்றது என்னும் வினாவிற்குப் பொருளியல் வல்லார் ஒருபடித்தாக விடை கூறினாரல்லர். ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட பெருநூலில், சிக்கனத்தால் மிஞ்சிய பொருளை மீண்டும் தொழிலில் இடுதலே முதல் பெருகும் வழியென்றார். கார்ல் மார்க்ஸ் 1867இல், உழைப்பவன் ஈட்டும் மிகையை உழையாதவன் கவர்தலே அதன் வேரென்றார். இவ்வழக்கு ஏட்டளவில் நின்றதன்று. நம் தருமபுரி நிலங்களிலும் ஆராயப்பட்டதொன்று. அதனை ஸர் தாமஸ் மன்றோவின் வரலாற்றால் யாம் காட்டப் புகுகின்றோம்.

மன்றோ 1761ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். வர்ஜீனியாவுடன் வாணிகம் நடத்திய தந்தையார் அமெரிக்க விடுதலைப் போரால் பொருளிழந்தார். மைந்தர் கம்பெனிப் படையிற் சேர்ந்து 1780இல் சென்னை வந்தார்.

1792இல் திப்பு சுல்தான் பாரமகால் நாட்டைக் கம்பெனியாருக்கு விட்டுக்கொடுத்தார். இற்றைத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அதனுள் அடங்கியவை. காப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பார் அதன் தலைமை அதிகாரியானார். அவர்க்குத் துணைவராய் மன்றோ 1799 வரை அங்கிருந்து, தருமபுரியில் உறைந்து, ஊர்தோறும் சென்று நிலத்தையும் உழவர் நிலையையும் நேரிற் கண்டார்.

அக்காலத்து, 1793இல், காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் சாசுவத நிலவரித் திட்டத்தை நிறுவினார். வரி என்றும் மாறாதாயின் ஜமீன்தார் மிச்சம் பிடித்து நிலத்தைத் திருத்துவர் என்பது அவர் கொள்கை. மன்றோவோ, கலப்பை பிடிப்பவனிடமே மிச்சம் நிற்றல் வேண்டும் என்னும் முடிபுக்கு வந்தார். அரசு உழவனோடு நேரே கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறை இங்ஙனம் பாரமகாலில் உருப்பெற்றது. அவர் நீங்கிய சில ஆண்டுகளில் கம்பெனியார் அந்நாட்டை மிட்டாக்களாக்கி ஏலமிட்டனர். மிட்டாதார் பலர் கிஸ்தி செலுத்தமாட்டாது வீழ்ந்தனர்.

எனினும், உழவன் பெயரைக் கணக்கில் எழுதிய அளவில் அவன் செல்வனாகான் என்பதை மன்றோ அறிவார். ஆதலின் கடப்பை, பல்லாரி முதலிய நாடுகளில் வரியை நாலில் ஒரு பங்கு குறைக்குமாறு 1807இல் எழுதினார். மேலோர் அப்போது இசைந்திலர். 1820இல் சென்னை ஆளுநரான பின்னர் ரயத்துவாரியை மாகாணத்திற் பரப்பினார். 1827ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார்.

அவருக்குப் பின் முறை நின்றது. அதன் உயிர்நிலையாகிய வரிக்குறைப்போ பல விடத்தும் நின்றிலது. வரி தண்டுவார் குடிகளைத் துன்புறுத்தியமையை 1855ஆம் ஆண்டு விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்திற்று. உழவனிடம் தங்கவேண்டிய மிகை, கம்பெனியின் கருவூலத்தையும் வட்டிக்கடைக்காரன் பெட்டியையும் அடைந்தது. நிலமற்ற பண்ணையாட்களுக்கோ அக்கணக்கில் இடமேயில்லை.

மன்றோ நல்லெண்ணமுடையவர், ஆயினும் அயல்நாட்டு வாணிகக் குழுவின் ஊழியர். மிச்சம் பிடித்தல் வளர்ச்சிக்கு வழி என்ற ஸ்மித்தின் கூற்றை அவர் வாழ்வு மெய்ப்பித்தது. அம்மிச்சத்தை எவர் கொள்கின்றார் என்ற மார்க்ஸின் வினாவையோ அவர் கண்ட முறை தீர்த்திலது. பட்டாவில் பெயர் இருத்தல் ஒன்று. அறுவடைக்குப் பின் கையில் பொருள் இருத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் கூடினாலன்றி உழவன் உயரான் என்பதே யாம் இவ்வரலாற்றாற் பெறும் பாடம்.